ஊர் மனுவை மக்களவைக் கேள்வியாக்குவது எப்படி: தொகுதி அலுவலகத்தில் வேலை செய்வோருக்கு

தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். அதுவும் கிராமப்புறத் தொகுதி என்றால் எம்.பி. அலுவலக வாசலுக்குப் பட்டா, முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு, ரேஷன் கார்டு என எல்லாமே வந்து நிற்கும். அதில் பெரும்பகுதியை டெல்லியில் கேட்கவே முடியாது. கேட்டாலும் ‘இது மாநில அரசின் பொருள்’ என்று ஒரு வரி பதில் வரும், அவ்வளவுதான். அதனால் மனுவைப் பிரித்துப் போடுவதிலிருந்துதான் வேலை தொடங்குகிறது. அவையில் பேசுவது கடைசிக்குச் சற்று முன்னால் வரும் சின்ன வேலை.

ரயில்வே, தேசிய நெடுஞ்சாலை, அஞ்சலகம், பி.எஸ்.என்.எல். டவர், வருங்கால வைப்பு நிதி, கேந்திரிய வித்யாலயா, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் ஆகியவை நேராக மத்திய அரசைச் சேர்ந்தவை. பட்டா, காவல் நிலையம், ஊராட்சிச் சாலை, ஏரி, அரசு ஆஸ்பத்திரி எல்லாம் மாநிலம். அந்த மனுக்களை அன்றைக்கே முகப்புக் கடிதம் வைத்துக் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். பயணியர் நிழற்குடை, பள்ளிக்கூடத்து வகுப்பறை மாதிரியான வேலைகளுக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. அதற்காக அவையில் ஒரு வாய்ப்பைச் செலவழிப்பது வீண். மத்திய அரசு பணம் கொடுத்து மாநிலம் நடத்தும் திட்டங்களில் தகராறு என்றால் முதலில், அவற்றைக் கண்காணிக்கும் மாவட்டக் குழுவான ‘திஷா’வின் கூட்டம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடக்க வேண்டிய அந்தக் கூட்டத்துக்கு எம்.பி.தான் தலைவர், கலெக்டர் உறுப்பினர் செயலர். டெல்லியில் ஆறு மாதம் சுற்றும் விஷயம் சில சமயம் அங்கே ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.

சிக்கல் எல்லாம் நடுவில் நிற்கிற விஷயங்களில்தான். காட்டுப்பன்றியை எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கடலை, மக்காச்சோளம் போட்ட விவசாயி வந்து சொல்லாத நாள் கிடையாது. ‘காட்டுப்பன்றித் தொல்லையைத் தடுக்க அரசு என்ன செய்தது?’ என்று கேட்டால், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 11ஆம் பிரிவில் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கே அதிகாரம் இருக்கிறது என்று பதில் எழுதி முடித்துவிடுவார்கள். அதே சட்டத்தின் 62ஆம் பிரிவு, குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு விலங்கைத் தொல்லை விலங்கு என அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. 2015, 2016இல் உத்தராகண்டிலும் பீகாரிலும் அப்படி அறிவித்தும் இருக்கிறார்கள். ஆகவே இப்படிக் கேளுங்கள்: 62ஆம் பிரிவின்கீழ் தமிழ்நாட்டிலிருந்து முன்மொழிவு வந்ததா, எந்தத் தேதியில், அதன் மேல் எடுத்த முடிவு என்ன? இதற்கு ‘மாநிலப் பொருள்’ என்று பதில் எழுத வழியில்லை. வரவே இல்லை என்று பதில் வந்தாலும் அடுத்து யார் கதவைத் தட்டுவது என்பது தெரிந்துவிடும்.

சுரங்கப்பாதை ஒன்றை வைத்துப் பார்ப்போம்

அகல ரயில் பாதைகளில் ஆளில்லா கேட் அத்தனையும் 2019 ஜனவரியோடு ஒழிந்தன. பல இடங்களில் கேட்டுக்குப் பதில் உயரம் குறைந்த சுரங்கப்பாதை வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் அதில் தண்ணீர் நின்றுவிடும். தமிழ்நாட்டுக் கிராமத்துத் தொகுதி எதிலும் இந்த மனு இல்லாமல் இருக்காது. மனுவில் வழக்கமாக எழுதியிருப்பது: ‘மாரியம்மன் கோயில் கேட் சுரங்கப்பாதையில் கழுத்தளவு தண்ணீர், மக்கள் பெரும் அவதி.’ இதில் டெல்லிக்குப் பயன்படுகிற தகவல் ஒன்றுகூட இல்லை.

ரயில்வே கோப்பில் மாரியம்மன் கோயில் கிடையாது. எல்.சி. எண் (லெவல் கிராசிங், அதாவது கேட்டின் எண்), எந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவில், எந்தக் கிலோமீட்டரில் என்பவைதான் அங்கே முகவரி. கேட் எடுக்கப்பட்டுவிட்டால் பக்கத்து மின்கம்பத்தைப் பாருங்கள். அதில் எழுதியிருக்கும் எண்ணின் முதல் பகுதி கிலோமீட்டர், அடுத்தது கம்ப வரிசை. சாலையில் நின்றபடியே படம் எடுங்கள். தண்டவாளத்தில் இறங்கி நடப்பது ரயில்வே சட்டப்படி குற்றம், மனு கொடுக்க வந்தவர் மேல் வழக்கு விழக் கூடாது. நிலையத்தின் பெயரை ரயில்வே ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறதோ அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் ‘அப்படி ஒரு நிலையம் இல்லை’ என்று தப்பிக்க இடம் கொடுத்ததாகும்.

அடுத்தது நாட்குறிப்பு. சுரங்கப்பாதைக்குப் பக்கத்தில் டீக்கடையோ பெட்டிக்கடையோ இருந்தால் அங்கே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, தண்ணீர் நின்ற நேரம், சுவரில் அடையாளம் போட்டு அளந்த ஆழம், அந்த மூன்றும் போதும். கழுத்தளவு என்பது யார் கழுத்து என்ற கேள்வியைத்தான் கொண்டுவரும். சுற்றிப் போகும் வழி எத்தனை கிலோமீட்டர், எந்தத் தடப் பேருந்து நின்றது, எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். முன்பு யாருக்கெல்லாம் மனு போட்டார்கள், என்ன பதில் வந்தது என்ற நகல்கள் கட்டாயம் வேண்டும். மதுரைக் கிளையிலோ சென்னை உயர் நீதிமன்றத்திலோ வழக்கு நடக்கிறதா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயத்தை அவையில் கேட்க முடியாது. எல்லாம் தயாரித்த பிறகு இது தெரிந்தால் ஒரு கூட்டத்தொடரே போச்சு.

கிராம சபைத் தீர்மானம் இருந்தால் மனுவுக்கு எடை கூடும். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குளிர்காலக் கூட்டத்தொடருக்கு ஆகஸ்ட் தீர்மானம் சரியாக இருக்கும்.

பிறகு, தண்ணீர் ஏன் நிற்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் ‘பம்பு வையுங்கள்’ என்று கேட்பதுதான் அதிகம் நடக்கிற தவறு. பம்பு வருகிறது. அது இறைக்கிற தண்ணீர் அணுகுசாலை ஓரத்தில் விழுந்து திரும்பப் பள்ளத்துக்கே வருகிறது. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, சாலையில் ஓடிவரும் மழைநீர் உள்ளே இறங்குவது. இதற்கு நுழைவில் மேடும், அணுகுசாலைக்கு மேல் கூரையும் தீர்வு. இரண்டாவது, வெளியேற்றும் வாய்க்காலின் தரை சுரங்கப்பாதையின் தரையைவிட உயரமாக இருப்பது. அங்கே நீர் சேரும் குழி, பம்பு, மின் இணைப்பு, தண்ணீரைக் கண்மாய் வரை கொண்டுபோகும் குழாய் நான்கும் சேர்ந்து வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் வீண். மூன்றாவது, நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே தோண்டிவிட்டதால் சுவர் இணைப்பு வழியே ஊறுவது. கோடையிலும் தரை ஈரமாக இருந்தால் இதுதான். மழைக்குச் சம்பந்தமே இல்லை.

பெட்டி வடிவக் கான்கிரீட்டும் ரயில்வே எல்லைக்குள் இருப்பதும் ரயில்வே பொறுப்பு. அதற்கு வெளியே அணுகுசாலை ஊராட்சியோ மாநில நெடுஞ்சாலைத் துறையோ பார்க்க வேண்டியது. எல்லை எங்கே முடிகிறது என்று தெரிய, மதிப்பீடும் வரைபடமும் கேட்டு ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. மதிப்பீட்டில் கூரையும் பம்பும் இருந்து தரையில் இல்லையென்றால் உங்கள் கேள்வி பாதி எழுதி முடிந்த மாதிரி.

எந்த வழியில் கேட்பது

மக்களவையில் ஒரு உறுப்பினர் ஒரு நாளைக்கு ஐந்து கேள்விக்கு மேல் பெற முடியாது. அதில் ஒன்றுதான் நட்சத்திரக் குறியிட்டதாக இருக்கலாம். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், கேட்டவர் இரண்டு துணைக் கேள்வி கேட்கலாம். நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள்தான் பட்டியலில் ஏறும். எது ஏறும் என்பது குலுக்கல். குறி இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில். அது நாளுக்கு 230. புதிதாக வந்தவர்கள் நட்சத்திரக் கேள்வி மேல் ஆசைப்படுவார்கள், டிவியில் முகம் தெரியுமே. ஆனால் ஊர் விஷயத்துக்குக் குறி இல்லாத கேள்விதான் உழைக்கிற மாடு. அமளியில் கேள்வி நேரமே நடக்காத நாளிலும் எழுத்துப் பதில் வந்து சேரும்.

பக்கத்துத் தொகுதிகளிலும் அதே பிரச்சினை இருந்தால், கட்சி எதுவானாலும், அந்த எம்.பி.க்களோடு பேசி ஒரே பொருளில் எல்லோரும் நட்சத்திரக் கேள்வி போடுங்கள். ஒருவர் பெயர் குலுக்கலில் வந்தால் மற்றவர்கள் பெயரையும் அதோடு சேர்த்துவிடுவார்கள். அவர்களுக்கும் துணைக் கேள்வி கேட்க வாய்ப்பு வரும்.

மக்களவை நடைமுறை விதி 377இன்கீழ் வாரத்துக்கு ஒரு விஷயம் எழுப்பலாம். 250 சொல்லுக்குள் இருக்க வேண்டும். அங்கீகரித்த வாசகம் மட்டுமே அவைக் குறிப்பில் ஏறும், வாசிக்கும்போது சேர்த்துக்கொண்ட ஒரு வாக்கியமும் ஏறாது. இதன் பலம், சம்பந்தப்பட்ட அமைச்சகம் பிறகு கடிதமாகப் பதில் அனுப்ப வேண்டும் என்பது. கேள்வி நேரத்துக்குப் பின் அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அமைச்சர் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாம். ஆகவே புயல் சேதம், பிடித்துச் செல்லப்பட்ட மீனவர், திடீரென நிறுத்திய ரயில் போன்ற இன்றைக்கே சொல்லியாக வேண்டியவற்றுக்குப் பூஜ்ய நேரம். எண்ணும் தேதியும் வேண்டியதற்குக் கேள்வி. அமைச்சகங்களின் பட்ஜெட் ஒதுக்கீடு பற்றிய மானியக் கோரிக்கை விவாதத்தில் ஊர்ப் பெயர்களை வரிசையாக வாசிக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. தொகுதியில் துண்டறிக்கை போட உதவும், வேறு பயன் குறைவு.

கேள்வி எழுதுவது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். வாதம், ஊகம், கிண்டல், குற்றச்சாட்டு, கருத்துக் கேட்பது எதுவும் கூடாது. வேறு ஆவணத்தில் எளிதில் கிடைக்கிற தகவலைக் கேட்டாலும் தள்ளிவிடுவார்கள். அதனால் எழுத உட்காருமுன் நாடாளுமன்றத்தின் ‘சன்சத்’ இணையதளத்தில் பழைய பதில்களைத் தேடிப் படியுங்கள். அமைச்சகம் வழக்கமாக எந்தச் சந்தில் தப்பிக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மோசமான கேள்வி: ‘சுரங்கப்பாதைகளில் மழைநீர் தேங்கி மக்கள் துன்புறுவதை அரசு அறியுமா, அறிந்தால் விவரம் என்ன, எடுத்த நடவடிக்கை என்ன?’ இதற்கு நாடு முழுவதும் எத்தனை ஆயிரம் சுரங்கப்பாதை கட்டினோம் என்ற பெருமையோடு, ‘வடிகால் வசதி தேவைக்கேற்பச் செய்யப்படுகிறது, இது தொடர் பணி’ என்று ஒரே பத்தியில் (அ) முதல் (இ) வரை பதில் வரும்.

இப்படி மாற்றலாம்:

ரயில்வே அமைச்சர் தெரிவிப்பாரா:
(அ) மதுரைக் கோட்டத்தில் 2019 ஜனவரிக்குப் பின் கேட்டுகளுக்குப் பதிலாகக் கட்டிய சுரங்கப்பாதைகளில், தண்ணீர் தேங்குவதாகக் கோட்ட நிர்வாகம் பதிவு செய்திருப்பவை எவை, எல்.சி. எண் வாரியாக;
(ஆ) இன்ன நிலையங்களுக்கு இடையே எல்.சி. எண் இன்னதுக்குப் பதிலாகக் கட்டிய சுரங்கப்பாதையின் மதிப்பீட்டில் கூரை, நீர் சேரும் குழி, பம்பு, வெளியேற்றும் குழாய் ஆகியவற்றில் எவை இருந்தன, எவை அமைக்கப்பட்டன;
(இ) அமைக்கப்படாதவற்றுக்குக் காரணம் என்ன;
(ஈ) அவற்றுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் முடியும்?

(அ) கோட்டம் முழுக்கக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரே ஒரு ஊரை மட்டும் தொட்ட கேள்வி மக்களவைச் செயலகத்தில் நிற்பது கடினம். அதற்காக ‘நாடு முழுவதும், மாநில வாரியாக’ என்று விரித்தால் இருபது பக்க அட்டவணை வரும், உங்கள் ஊர் அதில் மூழ்கிப்போகும். கோட்டம் என்பது நல்ல அளவு. தெற்கு ரயில்வேயில் ஆறு கோட்டங்கள் இருக்கின்றன, உங்கள் பாதை எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாவட்ட எல்லையும் கோட்ட எல்லையும் ஒன்றாக இருக்காது. (ஆ)வில் நான்கு பொருளைப் பெயர் சொல்லிக் கேட்டதால் ‘வசதிகள் செய்யப்பட்டுள்ளன’ என்று மொத்தமாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. (ஈ)யில் ‘எப்போது’ என்று எழுதாமல் ‘எந்தத் தேதிக்குள்’ என்று எழுதுங்கள். ‘எப்போது’ என்பதற்கு ‘விரைவில்’ என்பதும் பதில்தான்.

நெடுஞ்சாலைக்கும் இதே முறைதான். சுங்கச்சாவடி பற்றிக் கோபமாகக் கேட்பதைவிட 2008ஆம் ஆண்டுக் கட்டண விதியை வைத்துக் கேளுங்கள். ஒரே சாலையில் ஒரே திசையில் இரண்டு சாவடிகளுக்கு நடுவே பொதுவாக 60 கிலோமீட்டர் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையே தூரம் எவ்வளவு, குறைவாக இருந்தால் எந்தக் காரணம் எழுதி அனுமதித்தார்கள்? 20 கிலோமீட்டருக்குள் வசிப்போரின் சொந்த வாகனத்துக்கு மாதாந்திரச் சலுகை அட்டை எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? இவற்றுக்கு எண்ணும் கோப்பில் எழுதிய காரணமும்தான் பதிலாக வர முடியும்.

கேள்வியைப் பதிவு செய்வது எம்.பி.யின் வேலை. வரைவை அலுவலகம் எழுதலாம், ஆனால் இணைய நுழைவுக் கடவுச்சொல் உறுப்பினர் கையிலேயே இருக்கட்டும். ஒப்பந்தக்காரரோ கம்பெனியோ எழுதிக் கொடுத்த கேள்வியைத் தொடாதீர்கள். கேள்விக்குப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் பத்து மக்களவை உறுப்பினர்களும் ஒரு மாநிலங்களவை உறுப்பினரும் பதவி இழந்தார்கள்.

நாள் கணக்கு

கேள்வி நோட்டீஸ் 15 முழு நாட்களுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான். எந்த நாளுக்கு எந்தத் தேதி கடைசி, குலுக்கல் எப்போது என்பதெல்லாம் மக்களவை அறிவிப்பு ஏட்டின் இரண்டாம் பகுதியில் வரும். கூட்டத்தொடர் அறிவித்த பிறகு ஆதாரம் தேடக் கிளம்பினால் முதல் இரண்டு வாரம் கைவிட்டுப் போகும். ஜூலையில் தொடங்கும் மழைக்காலக் கூட்டத்தொடருக்குத் தகவல் உரிமை மனு மே மாதமே போயிருக்க வேண்டும். டீக்கடை நோட்டுப் புத்தகம் அதற்கு முந்தைய ஐப்பசியில் தொடங்கியிருக்க வேண்டும்.

அவையில் பேசும்போது

அரசியல் சட்டத்தின் 120ஆம் பிரிவு, சபாநாயகர் அனுமதியோடு தாய்மொழியில் பேச இடம் கொடுக்கிறது. தமிழுக்கு உடனடி மொழிபெயர்ப்பும் உண்டு. பேச்சின் நகலை மொழிபெயர்ப்பாளர்களுக்கு முன்கூட்டியே கொடுங்கள், ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்திலும் எழுதி. இல்லையென்றால் ஒட்டன்சத்திரம் வேறு ஏதோ சத்திரமாகி அமைச்சர் காதுக்குப் போகும். பூஜ்ய நேரத்தில் ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சொல்தான் வரும். தலைவருக்கு வணக்கம், தொகுதி மக்களுக்கு நன்றி, கட்சித் தலைமைக்குப் புகழுரை என்று தொடங்கினால் கோரிக்கை வருவதற்குள் மைக் அணைந்துவிடும். கோரிக்கையை முதல் வாக்கியமாக வையுங்கள், காரணம் பின்னால் வரட்டும்.

துணைக் கேள்விக்குப் பேச்சு வேண்டாம். எழுத்துப் பதில் முன்பே கைக்கு வந்திருக்கும். அதில் விட்டுப்போன ஒரே ஒரு உட்பிரிவைச் சுட்டி, ‘(ஈ)க்குத் தேதி வரவில்லை, என்ன தேதி?’ என்று கேட்டு உட்கார்ந்துவிடலாம்.

பதில் வந்த பிறகு

பதிலில் ‘ஆய்வில் உள்ளது’, ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டி அவை மேசையில் வைக்கப்படும்’ என்று இருந்தால் ஏமாற வேண்டாம். இத்தகைய சொற்கள் அரசு கொடுத்த உறுதிமொழியாகக் கணக்கில் வரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்க 15 பேர் கொண்ட அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது. உங்கள் பதில் உறுதிமொழியாகப் பதிவானதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் கேள்வி எண்ணும் தேதியும் குறிப்பிட்டு அந்தக் குழுவுக்கு எழுதுங்கள். ‘செயல்பாட்டுச் சாத்தியத்தைப் பொறுத்து’ என்ற சொல் வந்தால் மட்டும் அது மரியாதையான மறுப்பு. அதற்கு அந்தச் சாத்தியக்கூறு அறிக்கையையே கேட்டு அடுத்த கேள்வி. பதில் உண்மைக்கு மாறாக இருந்தால், டீக்கடை நோட்டையும் தேதியிட்ட படங்களையும் வைத்துச் சபாநாயகரின் 115ஆம் வழிகாட்டுதலின்கீழ் எழுதலாம்.

அமைச்சருக்குக் கடிதமும் கூடவே போக வேண்டும். எம்.பி. கடிதத்துக்கு 15 நாளில் ஒப்புகை, அடுத்த 15 நாளில் பதில் என்பது மத்திய அரசு அலுவலக நடைமுறை. ஒப்புகையைப் பதில் என்று நினைத்துக் கோப்பை மூடிவிடாதீர்கள், நிறைய அலுவலகங்களில் இது நடக்கிறது. பட்ஜெட்டுக்குப் பின் வரும், வேலை வாரியாக ஒதுக்கீட்டைப் பட்டியலிடும் ரயில்வே பிங்க் புக்கில் உங்கள் வேலை இருக்கிறதா, எதிரே எவ்வளவு தொகை என்று பாருங்கள். பெயர் இருந்து ஆயிரம் ரூபாய் மட்டும் எழுதியிருந்தால், வேலை உயிரோடு இருக்கிறது, ஆனால் அந்த ஆண்டில் நடக்காது என்று பொருள்.

மனு கொடுத்தவருக்குப் பதிலின் நகலோடு அரைப் பக்கம் தமிழில் எழுதி அனுப்புங்கள். ரயில்வே எதை ஒப்புக்கொண்டது, எதை மறுத்தது, அணுகுசாலைக்கு இனி ஊராட்சியில் யாரைப் பார்க்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். கோப்பின் முதல் தாளில் எல்.சி. எண், கேள்வி எண், பதில் தேதி, உறுதிமொழி என்றால் மூன்று மாதம் முடிகிற நாள் ஆகியவற்றைச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தொடரின் கேள்வி ‘இன்ன தேதியில் இன்ன எண் கேள்விக்கு அளித்த பதிலின்படி’ என்று தொடங்கும்போது அந்தத் தாள் வேண்டியிருக்கும்.